கிணற்றடியில் கால் தவறாமல் இருக்க



நம் திருச்சி மாவட்டம் திருவெள்ளறையில், பெருமாள் கோயிலை ஒட்டி இருக்கும் ஸ்வஸ்திகா வடிவக் கிணற்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்வெட்டில் அதற்கு மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், தந்திவர்ம பல்லவன் காலத்தில், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. நாலு பக்கமும் தனித்தனியே கற்படிகள்; படிகளை ஒட்டிக் கல் சுவர். தண்ணீரை மட்டுமல்ல, இறங்கி ஏறுகிற மனிதரையும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நம் தோட்டத்துக் கிணறு எப்படி இருக்கிறது? பல இடங்களில் சுற்றுச்சுவர் கிடையாது. படி பெயர்ந்து கிடக்கிறது. "தினம் இறங்குற இடம்தானே, கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிடுவேன்" என்கிறோம். பழகிய இடத்தில் யாரும் கீழே பார்த்து நடப்பதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டால், சம்பா நடவை யார் பார்ப்பது? விழுந்தவரைப் பார்த்து "பார்த்துப் போகக்கூடாதா?" என்று கேட்பதைவிட, விழவைத்த இடத்தைச் சரிசெய்வதே புத்திசாலித்தனம்.

என்ன செய்யலாம்?

ஒன்று: கிணற்றைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாமல் கைப்பிடிச்சுவர் கட்டுங்கள். முடியாதவர்கள் இப்போதைக்குக் கல்லுக்கால் நட்டு முள்கம்பியாவது இழுத்துக் கட்டுங்கள்.

இரண்டு: படியில் பாசி பிடிக்க விடாதீர்கள். மணல் போட்டுத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். மோட்டாரிலிருந்து ஆயில் சிந்தினால் உடனே சாம்பலோ மணலோ தூவிக் கூட்டி எடுங்கள். ஆடுகிற படியை அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

மூன்று: ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் ஊர்களில், தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் போடப் போகிறோம். ஸ்டார்ட்டர் பெட்டி கிணற்று விளிம்பில் இருக்கக்கூடாது, தள்ளி வையுங்கள். போகிற வழியில் ஹோஸ், கயிறு, மண்வெட்டி கிடக்கக்கூடாது. கையில் டார்ச் இல்லாமல் கிளம்பாதீர்கள். அடி தேய்ந்த செருப்பு வேண்டாம்.

நான்கு: மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும். அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். விழுந்தால் அடியோடு வெட்டும் சேர்ந்துவிடும். சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள்.

அடுத்து ஆழ்துளைக் கிணறு. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தத் துயரம் நம் மாவட்டத்துக்கு மறக்காது. 2010-லேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்திருக்கிறது. தண்ணீர் இல்லாத குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்பிவிட வேண்டும். பயன்படும் கிணறாக இருந்தால் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். பம்பு ரிப்பேருக்குக் கழற்றிய நேரத்திலும் திறந்து போடக்கூடாது. சாக்கும் முள்ளும் போட்டு மூடுவது மூடுவதே ஆகாது. ஊரில் திறந்த குழி எங்கே கண்டாலும் ஊராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் மீறி ஒருவர் விழுந்துவிட்டால்? கையைக் காலைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அதுவே கெடுதல். அசைக்காமல் வைத்து 108-க்குச் சொல்லுங்கள். மண் பட்ட காயத்துக்குத் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பாழுங்கிணற்றில் விழுந்தவரைக் காப்பாற்ற அவசரப்பட்டு இறங்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கலாம். கயிற்றைப் போட்டுவிட்டு, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது, உங்கள் கிணற்றை ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். எந்தக் கல் ஆடுகிறது, எங்கே பாசி இருக்கிறது என்று பார்த்து, முதலில் அந்த வேலையை முடியுங்கள்; மற்ற வேலை அப்புறம் ஆகட்டும்.