தங்கவயலும் அதன் மக்களும்



பழைய மைசூர் நாட்டின் கீழ்த்திசையில், ஆந்திரமும் தமிழகமும் அருகே நெருங்கிவரும் மூலையில், கோலார் என்னும் மாவட்டம் உண்டு. அங்குள்ள பொற்சுரங்க ஊரைத் தமிழர் ‘தங்கவயல்’ என்று வழங்குவர். அப்பெயரை இட்டவர் உழவர் குடியிற் பிறந்தவராகவே இருத்தல் வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. ஆயினும், வயலென்றால் விதைப்பும் உண்டு, அறுப்பும் உண்டு, அறுத்தபின் மறுபோகமும் உண்டு. இந்த வயலிலோ அறுப்பு மாத்திரமே நடந்தது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் ஓயாது நடந்த அவ்வறுப்பு 2001 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களின் கடைசி நாளன்று நின்றது. சுரங்கக் கம்பனி ஒன்று வெறுங்காட்டில் ஓர் ஊரை உண்டாக்கி, அதன் வீடு, விளக்கு, தண்ணீர், மருந்து யாவற்றையும் தன் கையிலே வைத்திருந்து, பின்னர் இல்லாமற் போகுமாயின், அவ்வூராருக்கு எஞ்சுவது யாது? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

அம்மண்ணிற் பொன் உண்டென்பது வெள்ளையர் கண்டுபிடித்த செய்தியன்று. 1802 இல் அப்பகுதியை அளக்கச் சென்ற ஜோன் வாரன் என்னும் படை அதிகாரி, ஊரிகம், மாரிகுப்பம் முதலிய சிற்றூர்களின் மக்கள் மண்ணை அரித்தும் கல்லை இடித்தும் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அவருடைய அறிக்கையைப் படித்த லவெல் என்ற ஐரிஷ் நாட்டவர், நியூசீலந்துப் போர்களிற் பணியாற்றி ஓய்வுபெற்றவர், 1871 இல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியேறி அவ்விடத்தை நாடிச் சென்றார். உரிமம் பெற்ற அவரிடம் அகழ்வதற்கு வேண்டிய முதல் இல்லை. 1880 அளவில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் டெய்லர் அன் சன்ஸ் என்னும் நிறுவனம் காரியத்திற் புகுந்தது. முதற் சில ஆண்டுகள் நட்டமே. பங்குதாரர் கைவிடும் தறுவாயில், பண்டைக்காலத்து மக்கள் தோண்டிவிட்ட குழிகளைப் பின்பற்றி ஆழமாகச் சென்றபோதுதான் ‘சாம்பியன்’ என்னும் பொன்னோட்டம் அகப்பட்டது. நாட்டார் நிறுத்திய இடத்திலிருந்தே கம்பனி தொடங்கியது என்று சொன்னாற் பிழையில்லை.

பொன் கிடைத்தது, தோண்டுவதற்கு ஆள் வேண்டுமே! சுற்றுப்புறத்து உழவர் நிலத்தடிக்குச் செல்லப் பெரிதும் விரும்பினாரல்லர். ஆகவே வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து, பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நைந்த மக்கள் திரள் திரளாக வந்தனர். அவருட் பெரும்பாலார் ஆதிதிராவிடர். தமிழ்நாட்டின் அத்தகைய வரட்சி மாவட்டங்களிலிருந்துதான் நமது மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் வந்தனர் என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஒரு சாரார் மலையேறினர். மற்றொரு சாரார் பாதாளத்தில் இறங்கினர்.

பாதாளம் என்பது இங்கே அணிக்காகச் சொன்னதன்று. சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வாழத்திற் பாறையே அறுபது பாகை செல்சியசுக்கு மேற் கொதித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து குளிரூட்டிய காற்றைச் செலுத்தினாலன்றி மனிதன் அங்கே நிற்றல் இயலாது. போதாக்குறைக்கு, மேலழுத்தும் பாரந் தாங்காது பாறை திடீரென வெடித்துச் சிதறும். முன்னறிவிப்பு யாதும் இல்லை. அந்த அதிர்ச்சியில் மேலே ஊரிலுள்ள வீடுகளும் நடுங்கும். கணவனைச் சுரங்கத்துக்கு அனுப்பிய பெண்ணொருத்தி, அடுப்படியில் நிற்கையிற் காலின்கீழ் நிலம் ஆடினால், அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

வெடித்த பாறையிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத தூசி. துளைபோடும்போது எழும் கற்றூசி நுரையீரலிற் படிந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மூச்சை இறுக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். 1940களில் இச்சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் கண்டிருந்தது. இந்தியாவில் இந்நோய்பற்றி நிகழ்ந்த முதற் பேராய்வு அதுவே.

இனிக் கம்பனி செய்தவற்றையும் நேர்மையாகச் சொல்லல் வேண்டும். பவுரிங்குப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம்வரை புகையிரதப் பாதை வந்தது. பாலாற்று நீர் பேத்தமங்கலத்திலிருந்து குழாய் வழியே வந்தது. 1902 இல் மைசூர் அரசு காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, தொண்ணூற்றிரண்டு மைல் தூரம் கம்பியில் அதனைச் செலுத்தித் தங்கவயலுக்கு வழங்கியது. பெங்களூர்த் தெருக்களிலே மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான். கம்பனி நடத்திய வைத்தியசாலை அப்பகுதியெங்கும் பேர்பெற்றது. பள்ளிகள், கோயில்கள், தேவாலயங்கள், விளையாட்டிடங்கள் யாவும் எழுந்தன. வெள்ளைக்காரருக்கென்று பூந்தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், கழகமும், கோல்ப் ஆடும் திடலும் இருந்தபடியால் ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பெயரும் ஊருக்கு ஏற்பட்டது. தொழிலாளர் இருந்ததோ மூங்கிற்றட்டிகளால் அடைத்த சிறு குடில்கள். அங்கே நிமிர்ந்து நிற்கவும் இடம் போதாது. அக்குடிலும் வேலையோடு வந்தது; வேலை போனால் அதுவும் போம். பொன் திருட்டைத் தடுக்கவென்று தனிச் சட்டங்களும் காவலும் சோதனையும் இருந்தன. 1930 இல், கைரேகை பதியவேண்டும் என்ற கட்டளையை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டெழுந்து வேலையை நிறுத்தினர். கூலிக்காக அன்று, தம்மைக் குற்றவாளிபோல் நடத்தியதற்காக. ஆயிரக்கணக்கானோர் ஒரேயடியாக வெளியேறிய அந்நிகழ்ச்சிக்கு அப்போது அங்கே தொழிற்சங்கமும் இருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த மானவுணர்ச்சி எங்கிருந்து வந்தது? இவ்விடத்தில் நமது கொழும்பு நகரும் கதையில் நுழைகின்றது. 1898 இல் சென்னையைச் சேர்ந்த அயோத்திதாச பண்டிதர், கேணல் ஒல்கொட்டின் துணையோடு இலங்கைக்கு வந்து, வித்தியோதயப் பிரிவேனாவின் தலைவரான ஹிக்கடுவே சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். ஆதிதிராவிடர் பண்டைப் பௌத்தரே என்பது அவர் கொள்கை. திரும்பிச் சென்று அவர் தொடங்கிய சங்கத்துக்குத் தங்கவயலிற்போல வேரூன்றிய கிளைகள் மிகச் சிலவே. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் விகாரைகளும், படிப்பிடங்களும், சொற்பொழிவுகளும் தோன்றின. பகலெல்லாம் பாதாளத்திற் பாறை பிளந்தவர்கள் இரவில் விளக்கடியில் நூல் படித்தார்கள். பண்டிதருடைய நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்தே வெளியிட்டது. அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை, 1926 இல் அப்பாதுரையார் அவ்வூரிலிருந்தே மீண்டும் நடத்தினார். கம்பனியின் கணக்குப் புத்தகங்களில் இவற்றுக்கென்று பெருஞ்செலவு எழுதப்பட்டிருக்குமென நான் நினைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் காகிதத்துக்கும் கூலிப் பணத்திலே மிச்சம் பிடித்தவர்கள் அவர்கள்.

1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962 இல் அவை இந்திய நடுவண் அரசிடம் சென்றன. 1972 இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்னும் அரசுக் கம்பனியாயின. இடையே 1965 இல், அதே ஆழத்தில் விஞ்ஞானிகள் கருவிகளை வைத்து, வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டைக் கண்டார்கள். உலகில் அத்தகைய முதற் காட்சிகளுள் அது ஒன்று. தொழிலாளர் வெட்டிய குழி விஞ்ஞானத்துக்கும் உதவியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் பொன் குறைந்துகொண்டே வந்தது. ஆழம் கூடக்கூட ஒரு தொன் கல்லிலிருந்து கிடைக்கும் பொன் சில கிராமாகச் சுருங்கிற்று, செலவோ ஏறிற்று. எண்ணூறு தொன்னுக்கு மேற் பொன்னைக் கொடுத்தபின் சுரங்கம் மூடப்பட்டது. வேலையிழந்தவர் மூவாயிரத்துக்கு மேல்.

சுரங்கம் மூடியதும் நீரிறைக்கும் யந்திரங்கள் நின்றன. கிடங்குகளில் நீர் நிறைந்தது. வைத்தியசாலையும் மூடப்பட்டது. கம்பனி வேறு, ஊராட்சி வேறு என்று முன்பே பிரிந்திருந்தால் ஊர் இத்துணை நிலைகுலைந்திராது என்பது என் எண்ணம். குழாய்த் தண்ணீருக்கும் தெருவிளக்கிற்கும் யாரைக் கேட்பது என்பதே தெரியாத நிலை வந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த வீடு யாருக்குச் சொந்தம் என்ற வினா நீதிமன்றங்களையும் அலுவலகங்களையும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறக் குன்றுகள் நிற்கின்றன. அவை இயற்கைக் குன்றுகளல்ல. கல்லை அரைத்துச் சயனைட்டினாற் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. காற்றடிக்குங் காலத்தில் அத்தூள் வீடுகளுக்குட் புகுந்து சோற்றிலும் படியும். அக்குன்றுகளிற் பதின்மூன்றில் எஞ்சிய பொன்னை எடுப்பதற்கு ஏலம் விடும் நடுவண் அரசின் திட்டத்துக்கு 2024 இற் கருநாடக அரசு இசைவளித்தது. பாட்டன் அரைத்துக் கொட்டிய தூளிலும் விலை உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இளைஞர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அன்று சுரங்கத்துக்கென்று போட்ட அதே இருப்புப்பாதையில், விடியுமுன்னர் மாரிகுப்பத்திலிருந்து புகையிரதம் புறப்படுகின்றது. ஆயிரக்கணக்கானோர் அதில் நெருக்கியடித்து ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகின்றனர். வீடு மாற்றிப் பெங்களூரிலேயே குடியிருந்தால் என்னவென்று கேட்டால், வாடகையைச் சொல்வார்கள். பிறகு, தங்கவயல் எங்கள் ஊரல்லவா என்பார்கள்.