ஓகஸ்டில் வாளியோடு போங்கள்

(பாசிக்குடாவில் நடந்த இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் முன்னிலையில் ஆற்றிய உரை. இடம் கருதிக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)



நேற்று பதுளையில் பஸ் ஏறி பிபிலை, மகாஓயா, புல்லுமலை, செங்கலடி என்று இறங்கி இங்கே வந்து சேர்ந்தோம். பாதிப்பேருக்கு இதுதான் முதல் தடவை கடல் பார்ப்பது. சாயந்தரம் இறங்கி நடந்தீர்கள், நடந்துகொண்டே போனீர்கள், தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. பாசிக்குடாக் கடல் அப்படித்தான். திரும்பி வந்த நம்முடைய அக்கா ஒருவர் கிணற்றில் வாய் கொப்பளித்துவிட்டு, "இதுவும் உப்புத்தானே டீச்சர், இங்கே உள்ள சனங்கள் எதைக் குடிக்கிறார்கள்?" என்று கேட்டார். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். அந்த அக்காவே ஆரம்பித்துக் கொடுத்துவிட்டார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள இந்த மணல் பட்டியில் நல்ல தண்ணீர் கிடைப்பது மழையால். மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் போல மிதந்து நிற்கும். கிணற்றில் அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டர் போட்டு அடி வரைக்கும் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கிணறுகளைத் துப்புரவாக்க வந்தவர்கள் நல்ல மனதோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல கிணறுகளில் உப்புக் குறையவில்லை. கடைசியில் அதைக் கழுவியது மழைதான்.

அதனால்தான் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று ஆனது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரு பெரிய திட்டம் வந்தது. மட்டக்களப்பு நகரத்துக்கு மேற்கே உள்ளே இருக்கிற உன்னிச்சைக் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்து, வவுணதீவில் சுத்திகரித்து, குழாய் வழியாக நகரத்துக்கும் கரையோரத்துக்கும் கொடுக்கிறார்கள். நல்ல வேலை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குளத்தை ஒட்டி இருக்கும் ஊர்ச் சனங்கள், எங்கள் குளத்துத் தண்ணீர் எங்களைத் தாண்டிப் போகிறது, எங்களுக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. நேற்று பஸ்ஸில் புல்லுமலையைத் தாண்டினோமே, 2018இல் அங்கே தண்ணீரைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று வருகிறது என்றதும் மாவட்டமே கடையை அடைத்தது. நிலத்தடித் தண்ணீர் போய்விடும் என்ற பயம்.

இதைக் கேட்டபோது எனக்கு நம்முடைய தோட்டம்தான் ஞாபகம் வந்தது. மலையில் ஊற்று நம் லயத்துக்கு மேலே இருக்கிறது. அந்தத் தண்ணீர் கீழே டவுனுக்குப் போகிறது, ஃபெக்டரிக்குப் போகிறது, பங்களாவுக்குப் போகிறது. லயத்துப் பிள்ளை பீலியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை வாரத்தில் மூன்று நாள் முதலாம் பாடத்துக்கு இருக்காது. அம்மா விடிய பிரட்டுக்குப் போக வேண்டும், தண்ணீர் பிடிப்பது மூத்த பெண்பிள்ளையின் வேலை. பிந்தி வந்ததற்கு நானும் அவளை ஏசியிருக்கிறேன், காரணம் தெரியாமல்.

ஊற்றுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் தானாகக் கிடைத்துவிடாது. யாருடைய பெயரில் திட்டம், யாருக்கு உரிமை, யார் பராமரிப்பு என்று எழுதிய கடதாசியில் நம் பெயர் இருந்தால் கிடைக்கும். இதை நான் அடிபட்டுத்தான் படித்தேன்.

ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு திட்டத்தில் 120 குடும்பத்துக்குக் குழாய் போட வந்தார்கள். நம் பக்கம் எல்லோருக்கும் சந்தோஷம். குடும்ப லிஸ்ட் எழுதிக் கொடுத்தது நான். படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். நாலு பக்கம் இருந்தது, நான் முதல் பக்கத்தைத்தான் வாசித்தேன். தேங்காய் உடைத்தார்கள், பெயர்ப் பலகை வைத்தார்கள், தண்ணீர் வந்தது. டிசம்பர் மாதம். எட்டு மாதம் கழித்துத் தாங்கி காய்ந்து கிடந்தது. மேலே குழாயும் வெடித்திருந்தது. திருத்தப் போனால் ஊற்று இருக்கிற மலை கம்பனியின் குத்தகையில், உள்ளே போக அனுமதி எழுத்தில் இல்லை. திட்டக்காரரிடம் கேட்டால் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள். பராமரிப்புப் பயனாளிகளின் பொறுப்பு என்று அச்சடித்திருந்தது. பயனாளிகளுக்குச் சங்கம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, ஒரு ஸ்பேனர்கூட இல்லை. கீழே என் கையெழுத்து. கொழுந்து மடுவத்தில் ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல மாட்டேன்.

ஏன் எட்டு மாதத்தில் காய்ந்தது? ஊற்றை அளந்தது மழைக் காலத்தில். பிறகு நானும் இரண்டு தலைவர்மாரும் 20 லீட்டர் வாளி ஒன்றையும் டெலிபோனையும் எடுத்துக்கொண்டு போனோம். கணக்கைக் கேளுங்கள். டிசம்பரில் அந்த வாளி 40 செக்கனில் நிறையும். அப்படியென்றால் ஒரு நாளுக்கு 43,200 லீட்டர். 120 குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர் என்று வையுங்கள், 480 பேர். ஆளுக்கு 90 லீட்டர் வரும். தாராளம். ஓகஸ்டில் அதே வாளி நிறைய மூன்று நிமிஷம். நாளுக்கு 9,600 லீட்டர், ஆளுக்கு 20. குடிக்க, சமைக்க, குளிக்க, உடுப்புத் தோய்க்க, கக்கூசுக்கு, எல்லாவற்றுக்கும் 20. இந்தியாவில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளுக்கு 55 லீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊவாப் பக்கத்தில் ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் வெயில் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை யாரும் பிள்ளையிடம் கேட்கவில்லை, நம்மிடமும் கேட்கவில்லை.

கிராமங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் நமக்குப் பாடம் இருக்கிறது. 1993இல் உலக வங்கிக் கடனில் சமூகக் குடிநீர்த் திட்டம் ஒன்று தொடங்கியது, பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில். நம்முடைய பதுளை மாவட்டமேதான். அதில் ஊர்ச் சனங்கள் முதலில் ஒரு சங்கம் அமைத்துப் பதிவு செய்ய வேண்டும். செலவில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது, அதில் பெரும்பகுதி கான் வெட்டுகிற உழைப்பாகவே கொடுக்கலாம். முடிந்த பிறகு திட்டத்தை நடத்துவது அந்தச் சங்கம். மீட்டர் வாசிக்க ஒருவர், மாதக் கட்டணம், வங்கியில் கணக்கு, குழாய் உடைந்தால் அன்றைக்கே திருத்த ஆள். இப்படிப்பட்ட சங்கங்களுக்கு உதவுவதற்கென்று 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் என்று தனியாக ஒன்று உருவானது. எல்லாச் சங்கமும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குக் காட்டாத பொருளாளர் எல்லா ஊரிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. ஆனால் தண்ணீர் நின்றால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அங்கே தெரியும்.

தோட்டத்தில் அது ஏன் வரவில்லை? நிலம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்காரர், நாம் அதில் குடியிருப்பவர்கள். 200 வருடமாகக் குடியிருப்பவர்கள். பிரதேச சபையிடம் போனால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் எங்களால் செலவழிக்க முடியாது என்பார்கள். நம் ஓட்டு மட்டும் தோட்டத்துக்கு வெளியே செல்லுபடியானது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இன்றைக்குப் பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் சபை உறுப்பினர் பழைய கதையைச் சொன்னால் இதைச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் இரண்டாம் தடவை சொல்லும்போது எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை அடித்த பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஒரு திட்டக்காரர் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதை நேற்று இரவு உங்களில் சிலரோடு பேசி எழுதினோம். முதலாவது, ஊற்றுக்கும் குழாய் போகும் வழிக்கும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம், திருத்தப் போகும் அனுமதியோடு சேர்த்து. துரை மாறிப் போவார், கடிதம் இருக்கும். அடுத்தது, ஊற்றை எந்த மாதம் அளந்தீர்கள் என்ற கேள்வி. தாங்கியின் மட்டத்துக்கு மேலே இருக்கிற வீடு எத்தனை என்பதையும் கேளுங்கள். ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீடுகள் சில இடங்களில் ஊற்றைவிட உயரத்தில் இருக்கின்றன, மோட்டர் இல்லாமல் தண்ணீர் மலை ஏறாது. மோட்டர் என்றால் கரண்ட் பில் யாருக்கு?

தண்ணீர்க் கமிட்டி என்று ஒன்று வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். தலைவர்மார் சிரிக்கிறீர்கள். குடம் தூக்குகிறவருக்குத்தான் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். கணக்கு எழுதுவதையும் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். சீட்டுப் பிடிக்கும் நம் அக்காமார் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்ச் சோதனை பற்றியும் ஒன்று. 1983 கலவரத்துக்குப் பிறகு நம் சொந்தக்காரர் பலர் வன்னிக்கும் கிழக்குக்கும் வந்தார்கள், எங்கள் சின்னம்மா குடும்பமும் இந்த மாவட்டத்தின் உள்பக்கம்தான் இருக்கிறது. கல்யாணம் காட்சிக்கு மலைக்கு வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பீலியில் வாய் வைத்துக் குடிப்பார். "இந்த ருசி அங்கே இல்லை" என்பார். அந்தப் பீலிக்கு மேலே தேயிலை மலை, உரம் போடுகிறோம், புல்லுக்கு மருந்து அடிக்கிறோம். அதற்கும் மேலே இன்னொரு லயத்துக் கக்கூஸ். ருசியில் கிருமி தெரியாது. 100 மில்லிலீட்டர் தண்ணீரில் ஈகோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்த நாட்டின் தரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்டு மாதிரி எடுக்க வையுங்கள். ஊற்றில் மட்டும் எடுத்தால் போதாது, கடைசி வீட்டுக் குழாயிலும் எடுக்க வேண்டும். குளோரின் போட்டால் வாசம் வருகிறது என்று நம் ஆட்களே தாங்கியைப் பூட்டியதும் நடந்திருக்கிறது. அந்த வாசம் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

கட்டணம் பற்றிச் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. தோட்டம் ஓசியில் கொடுத்த தண்ணீருக்கு இனிக் காசா என்று. எனக்கும் இதில் இரண்டு மனம். குடியிருப்பு வசதி கொடுக்க வேண்டிய நிர்வாகத்தின் பொறுப்பை நம் தலையில் கட்டிவிடக் கூடாது, அதைச் சங்கம் விட்டுக்கொடுக்காது. ஆனால் மாதம் ஒரு சின்னத் தொகை நம் பெயரில் வங்கியில் இருந்தால், குழாய் வெடித்த அன்றைக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. எவ்வளவு என்பதை நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு கேட்டுத் தோட்டக் கூட்டத்தில் நீங்கள் முடிவு செய்யுங்கள், பென்ஷன்காரருக்கும் வேலை இல்லாத வீட்டுக்கும் என்ன செய்வது என்பதையும் சேர்த்து.

ஓகஸ்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று பேர், அதில் ஒருவராவது பெண், 20 லீட்டர் வாளியோடு ஊற்றுக்குப் போங்கள். மூன்று தடவை அளந்து செக்கனை எழுதுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை பேர் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். திகதி போட்டு மூன்று பேரும் கையெழுத்து வையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று நமக்கு. செப்டெம்பர் கூட்டத்துக்கு அந்தக் கடதாசியோடு வாருங்கள், எந்தத் தோட்டத்தை முதலில் எடுப்பது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத் தீர்மானிப்போம்.

நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தோட்டத்தில் சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. நாலாவது கடிதம் போன வாரம் கொடுத்தோம், முத்திரை அடித்த பிரதி இதோ என் பையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் தேத்தண்ணீர் நேரத்தில் வாங்கிப் பாருங்கள், உங்கள் கடிதத்தை எழுத உதவும்.