சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கும், முன் வரிசையில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய அம்மாமாருக்கும் வாழ்த்து.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்தால் ஒரு மணி நேரம் போலக் கிள்ளான். 1941இல் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய சைக்கிள்தான். துரை கடந்து போகும் வரை அதில் ஏற முடியாது.

ஆர். எச். நாதன் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர். செய்தியை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தோட்டத்து ஆட்களைத் திரட்டினார். வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது என்று கோரிக்கைகள் நீண்டன. அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தாலும் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவோம். கூலிக் கணக்கு மட்டும் பார்க்கிறவருக்கு இது தோன்றியிருக்காது. தினமும் இறங்கி நின்றவர்களுக்குத்தான் தோன்றும்.

மே மாதம் நாதன் கைதானார். அவரை விடச் சொல்லித் தொழிலாளர் திரண்டார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் செத்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரே அவர்கள் கைக்குப் போனது. ஒரு பத்திரிகைக்காரரை ஆபத்து என்று கப்பலேற்றிய அரசு, எட்டு மாதம் கழித்துத் தானே மூட்டை கட்டியது!

நாதனைப் போலவே அரசின் கோபத்துக்கு ஆளான ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போவுக்கு நடந்ததை நீங்கள் சினிமாவாகவே பார்த்திருக்கலாம். 1947இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்தார். கறுப்புப் பட்டியல், அப்புறம் சிறை. ஆனாலும் வேறு பெயர்களில் எழுதிப் பிழைக்க அவருக்கு வழி இருந்தது. ‘தி பிரேவ் ஒன்’ படக் கதைக்காக 1957 ஆஸ்கர் மேடையில் ராபர்ட் ரிச் என்ற பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த எழுத்தாளர் மேடைக்கு வரவில்லை, எழுதியது டிரம்போ. 1960இல் ‘ஸ்பார்டகஸ்’ திரையில் அவர் பெயர் திரும்பி வந்தது. 1975இல் அந்தப் பழைய விருதும் கைக்கு வந்தது. அவர் தன் பெயர் போடாமல் எழுதிய ‘ரோமன் ஹாலிடே’ படக் கதைக்கான விருது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1993இல் அவர் மனைவியிடம் சேர்ந்தது.

டிரம்போவின் பெயரை மீட்க ஹாலிவுட் இருந்தது. நாதனின் ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. கிள்ளானில் குண்டடிபட்டுச் செத்தவர்களின் பெயர்களை இந்த மண்டபத்தில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

1941இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. கிள்ளான், பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று விருந்து முடிந்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், யாரிடம் சைக்கிள் இருந்தது என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும்.