ஏழ்மைக்குக் காரணம் மனநிலையா, பட்டாவா?

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பணக்காரர்களின் பழக்கங்கள், ஏழைகளின் பழக்கங்கள்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். யூடியூபைத் திறந்தால் கோட்டு போட்ட ஒருவர் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பணக்காரர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவார், ஏழை எட்டு மணி வரை தூங்குவார். பணக்காரர் முதலீடு செய்வார், ஏழை செலவு செய்வார். கடைசியில் “மனநிலையை மாற்றுங்கள், வாழ்க்கை மாறும்” என்று முடித்துவிட்டு, தன் பயிற்சி வகுப்புக்கு எவ்வளவு கட்டணம் என்று சொல்வார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் நானூறு ரூபாய் மட்டும் மிச்சம் இருக்கும்போது, உங்களில் பலர் அதை நம்பவும் செய்கிறீர்கள். ‘கூட வேலை பார்க்கிறவன் கார் வாங்கிவிட்டான். என்னால் முடியவில்லை. என்னிடம்தான் ஏதோ கோளாறு’ என்று நினைக்கிறீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். யாருக்குப் பணம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைத் தினமும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஐந்து மணிக் கதையை முடித்துவிடுவோம். சீக்கிரம் எழுந்தால் பணம் வரும் என்றால், இந்த ஊரில் தூய்மைப் பணியாளர்கள்தான் கோடீஸ்வரர்களாக இருக்க வேண்டும். ஊர் எழுவதற்கு முன்பே தெருவில் துடைப்பத்தோடு நிற்கிறவர்கள் அவர்கள்தான். 

அடுத்தது பண ஒழுக்கம். ஏழைக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்கிறார்கள். உங்கள் தெருவில் தண்டல் வாங்குகிற அக்காவைப் பாருங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500-தான் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும், வியாபாரம் இல்லாவிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர் கட்டுகிறார். நூறு நாள் தவறாமல் பணம் கட்டுவதை ஒழுக்கம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இப்போது அந்தக் கடனின் விலையைப் பாருங்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளில் சராசரியாக அவர் கையில் இருந்தது 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவருக்கு வங்கி 8, 9 சதவீதத்தில் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்து வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. தண்டல்காரரின் இருசக்கர வண்டி இன்னும் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இருவருக்கும் ஒழுக்கம் ஒன்றுதான். ஒருவரிடம் பத்திரம் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை.

சரி, மனநிலைக்கு வருவோம். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம். கரும்பு விவசாயிக்கு அறுவடைக்கு முன்பு கையில் காசு இருக்காது, அறுவடைக்குப் பின்பு இருக்கும். 464 விவசாயிகளுக்கு இந்த இரண்டு நேரத்திலும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். அறுவடைக்கு முன்பு அவர்கள் வாங்கிய மதிப்பெண் குறைவு. அதே ஆட்கள் அறுவடைக்குப் பின்பு நன்றாகச் செய்தார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. ஆளும் அதே ஆள், மூளையும் அதே மூளை. மாறியது பையில் இருந்த காசு. காசுக் கவலை மூளையின் திறனில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மனநிலை மாறினால் பணம் வரும் என்று அவர்கள் சொல்கிறார்கள். பணம் வந்ததும் மனநிலை மாறியதைத்தான் இந்த ஆய்வு காட்டியது.

அப்படியென்றால் சிலரிடம் மட்டும் சொத்து எப்படிச் சேர்ந்தது? மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வட்டி விகிதத்தையே வருணப்படி வகுத்திருக்கிறது. நூற்றுக்கு மாத வட்டி பிராமணருக்கு 2, சத்திரியருக்கு 3, வைசியருக்கு 4, சூத்திரருக்கு 5. பத்தாம் அத்தியாயம், சூத்திரருக்குத் திறமை இருந்தாலும் செல்வம் சேர்க்கக் கூடாது என்கிறது. சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நாயும் கழுதையுமே சொத்து என்கிறது. இன்றைக்கு வங்கிகள் சிபில் மதிப்பெண் பார்க்கின்றன. அன்றைக்குப் பிறப்பே சிபில் மதிப்பெண்.

“அதெல்லாம் பழைய கதை ஐயா, இப்போது திறமைதான்” என்பீர்கள். திறமைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். சாப்பாட்டைக் குறைத்துப் புத்தகம் வாங்கினார். சிக்கனம், உழைப்பு, கல்வி, விடாமுயற்சி என்று இந்தப் பயிற்சியாளர்கள் கேட்கிற எல்லாப் பழக்கங்களும் அவரிடம் இருந்தன. 1917-இல் இந்தியா திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து, பங்கு வாங்கி விற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். நடத்துகிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுவனம் மூடப்பட்டது. அவர்தான் அண்ணல் அம்பேத்கர். பின்னாளில் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியவர், இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னவர். இந்தியாவில் அன்று அவரைவிடப் பணத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த நிறுவனம் மூடப்பட்டதற்கு அவருடைய மனநிலையா காரணம்?

இனி நிலத்துக்கு வருவோம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அவர்களின் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அந்த வெள்ளைக்கார அதிகாரி புரிந்துகொண்டார். 1892-இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்கள் ஊரில் கேட்டாலே தெரியும். திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

ஓர் ஏக்கர் நிலம் வெறும் விளைச்சல் மட்டும் தருவதில்லை. அதை அடமானம் வைத்து மகளைப் படிக்க வைக்கலாம். ஒரு கடை போடலாம். கடை தோற்றால் இன்னொரு முறை முயலலாம். ‘துணிந்து இறங்குபவன் ஜெயிப்பான்’ என்கிறார்கள். விழுந்தால் தாங்க நிலம் இருப்பவருக்குத்தான் துணிச்சல் வரும். கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் சாதியைக் கேட்டதில்லை. சொத்துப் பத்திரம் இருக்கிறதா, ஜாமீன் போட யார் இருக்கிறார்கள், வருமான வரிக் கணக்கு உண்டா என்று மட்டும்தான் கேட்டோம். அந்த மூன்று கேள்விகளுக்கும் யாரால் ‘ஆம்’ சொல்ல முடியும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்தது.

மேல்தட்டில் என்ன நிலைமை? இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. இயக்குநர்களில் சுமார் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம்தான். கீழ்ப்படியிலும் இதே கதைதான். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. 2007-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

பணக்காரர்களின் பழக்கங்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? எந்தச் சுயமுன்னேற்றப் புத்தகமும் பட்டியலிடாத ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வது. நிலம், நகை, கடை, ஆலைப் பங்கு எல்லாம் சாதிக்குள்ளேயே சுற்றி வருவதற்கு அகமணம்தான் வேலி. சாதி மாறிக் காதலித்தால் வெட்டுகிறார்களே, அந்த அரிவாளுக்குப் பின்னால் ‘கௌரவம்’ இருப்பது போலவே பத்திரமும் இருக்கிறது. பெண்ணுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929-இல் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாவதற்கு 1989 வரை ஆனது. அறுபது ஆண்டுகள்.

இதையெல்லாம் ஒரு சின்னக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேருக்கு ஒரே சம்பளம், 35,000 ரூபாய். ஒருவருக்குச் சென்னையில் சொந்த வீடு, அப்பாவுக்கு ஓய்வூதியம். மாதம் 20,000 மிச்சம் பிடிக்கிறார். இன்னொருவர் வீட்டில் முதல் பட்டதாரி. அறை வாடகை 8,000, ஊருக்கு அனுப்புவது 12,000, கல்விக் கடன் தவணை 6,000, சாப்பாடும் பஸ்ஸும் 7,000. மிச்சம் 2,000. சம்பள உயர்வையும் வட்டியையும் விட்டுவிடுங்கள். பத்து ஆண்டில் முதல் ஆளிடம் 24 லட்சம் இருக்கும், இரண்டாம் ஆளிடம் 2,40,000 இருக்கும். 24 லட்சத்தை முன்பணமாகக் கட்டி வீடு வாங்கியவர், வாடகைக்குக் கேட்டு வரும் இரண்டாம் ஆளிடம் “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்பார். பிறகு மேடையேறி, சேமிப்புப் பழக்கத்தைப் பற்றியும் பேசுவார்.

அந்த இரண்டாம் ஆள் நீங்களாக இருந்தால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு அனுப்பும் அந்தப் 12,000 ரூபாய் வீண் செலவு இல்லை. உங்கள் அப்பாவுக்கு இந்த நாடு கொடுக்காத ஓய்வூதியத்தை நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் நம் கையில் ஒன்றுமே இல்லையா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. சிக்கனம் நம் இயக்கத்தின் பழக்கம்தான். பெரியார் கையெழுத்துப் போடுவதற்கும் காசு வாங்கினார். ஒவ்வொரு காசையும் எண்ணிச் சேர்த்து இயக்கத்துக்கே விட்டுப் போனார். 1928-இல் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் புரோகிதத்தை மட்டும் ஒழிக்கவில்லை. கல்யாணக் கடனிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. இன்று நாமே மண்டபம், டிரோன் கேமரா, ஃபிளெக்ஸ் என்று கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறோம். இதை முதலில் நிறுத்துவோம்.

இரண்டாவது, குறுக்கு வழி. மனநிலையை மாற்றச் சொன்ன அதே ஆட்கள்தான் ஆப்ஷன் டிரேடிங் வகுப்பும் எடுக்கிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று செபியே சொல்லியிருக்கிறது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

மூன்றாவது, தண்டலை ஒழிப்பது. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் மாதம் 10,000 சேரும். தெருவில் ஓர் அக்காவைத் தண்டலிலிருந்து மீட்க அது போதும். அவர் அதே நூறு ரூபாயை உங்கள் குழுவுக்குக் கட்டட்டும். ஆண்டுக்கு மூன்று முறை தண்டல் வாங்குகிறவர் என்றால் 4,500 ரூபாய் அவர் வீட்டிலேயே தங்கும். கணக்கை நோட்டில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள்.

நான்காவது, நமக்கென்று இருப்பதைக் கேட்டு வாங்குவது. தாட்கோ 1974-லிருந்து இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மூலதன மானியம் உண்டு. இது சலுகை இல்லை, பறிகொடுத்த நிலத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறிய வட்டி. படித்த நீங்கள் ஊரில் ஒருவருக்காவது விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வங்கி மறுத்தால், எழுத்தில் காரணம் கேளுங்கள். எழுத்தில் கேட்பவரைத் திருப்பி அனுப்ப எந்த மேலாளரும் கொஞ்சம் யோசிப்பார். அந்த மேசையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கடைசியாக, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு வேலை செய்துகொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இப்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். வருகிற பதில்களை இங்கே வைத்துச் சேர்ந்து படிப்போம்.

ஜெய்பீம்.