ரிட்டயர் ஆன பிறகு ஒரு படகு, இரண்டு பேர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் காஞ்சிபுரத்திலிருந்து, எங்க தாத்தா வீட்டிலிருந்து பேசுகிறேன். பின்னணியில் 'டக்கு டக்கு'ன்னு ஒரு சத்தம் கேட்டால் உங்க ஹெட்போனில் கோளாறு இல்லை, பக்கத்து வீட்டுத் தறி. எடிட்டிங்கில் எடுக்கப் பார்த்தேன், போகவில்லை. அப்படியே விட்டுட்டேன்.

போன மாசம் ஓய்வுக்கால சேமிப்பு பற்றி ஒரு எபிசோட் போட்டோம் இல்லையா, பி.எஃப்., என்.பி.எஸ். என்று. அதைக் கேட்டுவிட்டு ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். "காசுக் கணக்கெல்லாம் சரி தம்பி. ரிட்டயர் ஆன புருஷனும் பொண்டாட்டியும் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்யறது? அதை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே." கூடவே, படகிலேயே வாழும் வயதான தம்பதிகளின் வீடியோக்கள் சிலவற்றையும் அனுப்பியிருந்தார். நான் ஒரு சனிக்கிழமை முழுக்க அதிலேயே மூழ்கிப்போனேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று ஒரு நீர்வழி இருக்கிறது. பெரும்பாலும் திறந்த கடலுக்குள் போகாமல், கரையோரக் கழிமுகங்களையும் வெட்டிய கால்வாய்களையும் கோர்த்துக்கொண்டு போகும் பாதை. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை சுமார் 1,750 கி.மீ. குளிர் தொடங்கும்போது ரிட்டயர் ஆன தம்பதிகள் பலர் படகை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்புவார்கள். சார்ல்ஸ்டன், செயின்ட் அகஸ்டின் என்று ஊர் ஊராக நிறுத்தி, காய்கறி வாங்கி, துணி துவைத்து, அடுத்த ஊருக்குப் போவார்கள். வசந்தம் வந்ததும் வடக்கே திரும்புவார்கள்.

நம்ம ஊரில் இது முடியுமா? நேர்மையாகச் சொன்னால், ரொம்பக் கஷ்டம். நம் கிழக்குக் கரை திறந்த கரை. ஒதுங்கி நிற்க இயற்கையான துறைமுகங்கள் குறைவு. சென்னைத் துறைமுகமே அலைதடுப்புச் சுவர் கட்டி உருவாக்கியதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். சொந்தப் படகில் வருபவர்கள் கட்டி நிறுத்தத் தண்ணீர், மின்சாரம் எல்லாம் உள்ள மரினா வேண்டுமென்றால் கொச்சியின் போல்காட்டி வரை போகவேண்டும்.

ஆனால் கரையை ஒட்டிய உள்நாட்டு நீர்வழி நம்மிடமும் இருந்தது. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறவர்கள் தினமும் அதைப் பார்க்கிறீர்கள். பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவில் தொடங்கியது. பிறகு வடக்கே ஆந்திராவுக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 163 கி.மீ. உப்பும் விறகும் அதில்தான் படகில் வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனதை ஒரு கவிதையாகவே எழுதியிருக்கிறார். அறுபதுகளின் புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படுத்துவிட்டது. இப்போது சென்னைக்குள் அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

என் ஃபிளாட்டின் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்தக் கால்வாய்தான் தெரியும். கொசுவுக்குப் பயந்து அந்தக் கதவை நான் திறப்பதே இல்லை. இந்த பால்கனியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

கால்வாய், வயதான தம்பதி என்று தேடும்போது எனக்குக் கிடைத்தவர்கள் திமத்தி வெஸ்ட், புரூனெல்லா ஸ்கேல்ஸ். இருவரும் பிரிட்டிஷ் நடிகர்கள். 'ஃபால்ட்டி டவர்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டல்காரரின் மனைவி சிபிலைத் தெரிந்திருக்கும். அவர்தான் புரூனெல்லா. 1963-ல் கல்யாணம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதே கால்வாய்ப் படகுப் பயணம் பழகியவர்கள். முழு நேரமும் படகில் வாழ்ந்தவர்கள் இல்லை, லண்டனில் வீடு இருந்தது. ஆனால் 2014-ல் சேனல் 4-க்காக 'கிரேட் கெனால் ஜர்னீஸ்' என்ற தொடர் தொடங்கியபோது இருவருமே எண்பதை ஒட்டிய வயது. அப்போது புரூனெல்லாவுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. டிமென்ஷியா. அதை அவர்கள் மறைக்கவில்லை.

அந்தப் படகு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்றேன், எஞ்சினியர் புத்தி. நேரோபோட் என்று பெயர். அகலம் ஏழு அடிக்கும் கொஞ்சம் குறைவு. நீளம் எழுபது அடி வரை போகலாம். ரயில் பெட்டியைப் பாதி அகலத்துக்கு நறுக்கித் தண்ணீரில் விட்ட மாதிரி. வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது ஆறரை கி.மீ.கூட இல்லை. கரையில் நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர் உங்களைத் தாண்டிப் போவார். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். நிரந்தரமாகக் கட்ட இடம் வைத்திருக்காத படகு, பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும்.

முக்கியமான விஷயம் லாக். தண்ணீரில் போகும் படகு மேடு ஏற வேண்டும் என்றால் என்ன செய்வது? இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே போகும். கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு மெல்ல உயரும். பிறகு மேல்கதவைத் திறந்து வெளியே போகலாம். கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் கேன் ஹில் என்ற இடத்தில் இரண்டு மைலுக்குள் இப்படி 29 லாக். ஏற அரை நாள் ஆகிவிடும்.

இதைத் தனியாளாகச் செய்வது சிரமம். ஒருவர் சுக்கான் பிடிக்கவேண்டும். இன்னொருவர் கரையில் இறங்கி, கைப்பிடியைச் சுழற்றித் தண்ணீர் திறந்து, பெரிய மரச்சட்டத்தில் முதுகை முட்டுக்கொடுத்துக் கதவைத் தள்ளவேண்டும். அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது இதுதான். ஊர் பார்ப்பது கொஞ்சம்தான், வேலை செய்வது நிறைய. நேற்று எந்த ஊரில் இருந்தோம் என்று அந்த அம்மாவுக்கு நினைவில்லாமல் போகலாம். ஆனால் கை வேலை செய்தது. படகில் எதையும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை, எதிரில் வருவதை ரசித்தால் போதும் என்ற பொருளில் வெஸ்ட் சொன்னார். கேரளத்துக் காயல்களுக்குக்கூட வந்துபோனார்கள். கடைசியில் படகில் ஏறி இறங்குவதே முடியாமல் போனபோது நிறுத்திக்கொண்டார்கள். வெஸ்ட் 2024 நவம்பரில் காலமானார், 90 வயது. புரூனெல்லா 2025 அக்டோபரில், 93 வயதில்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்றேன்னா, எங்க பாட்டிக்கும் இரண்டு வருஷமாக அதே மறதி.

எங்க தாத்தா பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி. வீட்டில் முன்கூடம் முழுக்கக் குழித்தறி. மிச்சமிருந்த இடத்தில்தான் சமையல், படுக்கை, அப்பாவின் படிப்பு எல்லாம். அகலம் என்று பார்த்தால் அந்த நேரோபோட்டைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கோர்வைச் சேலை நெய்வதற்கும் ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. ஒரு பக்கக் கரை நாடாவை எறிய உதவிக்கு ஆள் உட்காரவேண்டும். பாட்டிதான் அந்த ஆள். மற்ற நேரமெல்லாம் ராட்டையில் தார் சுத்துவாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னால் தாத்தாவுக்குக் கண் மங்கி, தறியை நிறுத்தினார்.

போன தீபாவளிக்குப் பிறகு, "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரு வேலையும் செய்ய வேணாம்"னு சொல்லி என் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போனேன். லிஃப்ட், ஏ.சி., சமைக்க ஆள், எல்லாம் இருந்தது. தறியைக் கழற்றி விற்றுவிட்டு வீட்டை வாடகைக்கு விடலாம் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருந்தோம். பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வீடு முழுக்க எதையோ தேடுவாங்க. பால்கனிக் கதவைத் திறக்கப் பார்ப்பாங்க. எட்டாவது மாடி. கதவுக்குப் பூட்டுப் போட்டேன். பத்தாவது நாள் தாத்தாவிடம், "ஏங்க, நம்ம வீட்டுக்குப் போலாம், இவங்களுக்கு எவ்வளவு நாள்தான் தொந்தரவு குடுக்கறது"ன்னாங்க. 'இவங்க'ன்னது என்னைத்தான்.

காஞ்சிபுரத்துக்கே கொண்டுவந்து விட்டோம். அடுத்த மாசம் வந்து பார்த்தபோது பாட்டி ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுத்திக்கிட்டிருந்தாங்க. என் பேர் ஞாபகம் இல்லை. ஆனால் நூல் அறுந்த இடத்தை விரலாலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போட்டாங்க.

"தறியே ஓடலையே தாத்தா, இந்தத் தாரெல்லாம் யாருக்கு?"ன்னு கேட்டேன். தாத்தா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பழைய நூல்தாண்டா. அவ தூங்கினப்புறம் நான் பிரிச்சு வச்சுடுவேன். காலையில அவளுக்கு வேலை வேணும் இல்ல?"

கண் தெரியாத மனுஷன், ராத்திரியில், தடவித் தடவிப் பிரிக்கிறார்.

மெயில் அனுப்பியவருக்கு என் பதில் இதுதான். காசு இருந்தால், உடம்பு ஒத்துழைத்தால் படகு வாங்குங்க, நல்லதுதான். ஆனால் படகில் அந்தத் தம்பதிகளுக்குக் கிடைப்பது கடலோர ஊர்கள் மட்டும் இல்லை. இருவர் சேர்ந்தால்தான் முடியும் என்கிற ஒரு வேலை தினமும் கிடைக்கிறது. பெற்றோருக்கு நல்லது செய்கிறோம் என்று நாம் முதலில் பிடுங்குவதே அதைத்தான். நான் பிடுங்கினேன்.

இது எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. பாட்டியை எப்போதும் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், தாத்தாவால் மட்டும் முடியாது. இப்போதைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா பகலில் வருகிறார். நான் வாரத்தில் மூன்று நாள் இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். தறியை விற்கவில்லை.

ராத்திரி நூல் பிரிப்பது இப்போது என் வேலை. முதல் நாள் நான் சிக்கலாக்கியதை எடுக்க தாத்தாவுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இப்போ பரவாயில்லை.

உங்க வீட்டில் எப்படி என்று எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.