எழுதியவர் கண்ணில் படாத பிழை

1990-இல் டெக்னோபார்க் வந்ததிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மென்பொருள் வேலை பழகிப்போன ஒன்று. ஆனாலும் ஒரு வலைச்செயலியை உருவாக்குவது யார் என்று கேட்டால், 'கோடிங் எழுதுகிறவர்' என்ற ஒரே பதில்தான் வரும். அது பாதிதான் சரி. 2018 ஆகஸ்டு கேரள வெள்ளத்தின்போது மாநில ஐ.டி. மிஷனும் தன்னார்வப் பொறியாளர்களும் சேர்ந்து நடத்திய 'கேரளா ரெஸ்க்யூ' தளத்தையே பாருங்கள். பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற கட்டமைப்பைக் கொண்டு எழுதப்பட்டது. நிரல் கிட்ஹப்பில் திறந்தே இருந்ததால் எங்கெங்கோ இருந்தவர்கள் கைகொடுத்தார்கள். உதவி கேட்பவர் மாவட்டம், இடம், தொலைபேசி எண், தேவை ஆகியவற்றை நிரப்ப வேண்டும். படிவத்தில் ஆங்கிலத்தோடு மலையாளமும் இருந்தது. மொட்டைமாடியில் நிற்பவரிடம், சார்ஜ் தீரப்போகும் போனில் எத்தனை கேள்வி கேட்கலாம்? இதை முடிவு செய்வது வடிவமைப்பாளரின் வேலை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தாலும் தளம் படுத்துவிடாமல் காப்பது சர்வரைக் கவனிப்பவரின் வேலை. இவை இரண்டும் சரியாக அமைந்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. ஒரே குடும்பத்துக்காக வளைகுடாவிலிருந்து மகனும் பெங்களூருவிலிருந்து மருமகளும் தனித்தனியே பதிவு செய்தால், மீட்கப் போகும் படகுக்காரருக்கு அது இரண்டு வீடு. காப்பாற்றப்பட்டவர் பெயரும் பட்டியலில் அப்படியே கிடக்கும். தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு விசாரித்த பிறகே பட்டியலை நம்ப முடிந்தது. நிரலில் ஒரு வரிகூட எழுதாத அவர்களும் அந்தச் செயலியைக் கட்டியவர்கள்தான் என்பேன்.

திரையில் தெரியும் பகுதியும் சர்வர் பகுதியும் சேர்ந்த 'ஃபுல் ஸ்டாக்' தெரிந்த ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடலாமே, இப்போது செயற்கை நுண்ணறிவும் துணைக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பேக்கரிக்கு வலைத்தளம் போட ஒருவர் போதும்; அதற்கு ஐந்து பேரை வைப்பது வீண் செலவு. ஆனால் சோதனை என்ற ஒரு வேலையை மட்டும் எழுதியவரிடமே விடக்கூடாது. எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்; அதனால் தப்பாக நிரப்பத் தோன்றாது. தொலைபேசி எண்ணுக்குரிய கட்டத்தில் முகவரியை எழுதுகிறவர் எப்போதும் வெளியாள்தான். நெருக்கடியில் பதவிப் பிரிவுக்கெல்லாம் நேரம் ஏது என்பது இன்னொரு வாதம். அந்த ஆகஸ்டில் நடந்தது நேர்மாறு: யாரும் பதவி ஆணை கொடுக்கவில்லை, வேலைகள் தாமாகவே பிரிந்துகொண்டன. கோடிங் தெரிந்தவர் நிரலை எடுத்துக்கொண்டார், பேசத் தெரிந்தவர் போனை எடுத்தார். பல நிறுவனங்களிலோ சோதனை செய்யும் டெஸ்டரைக் கடைசி வாரத்தில்தான் கூப்பிடுகிறார்கள். காலக்கெடு நெருங்கினால் முதலில் வெட்டப்படுவதும் அவருக்குரிய நாட்களே.