பதினோராம் நாள்
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஏர்லைன்ஸ்லதானே இருந்தே?" என்று காலையிலிருந்து எல்லோரும் கேட்கிறீர்கள். இல்லை ஐயா, நான் இருந்தது எதிர்ப்பக்கம். விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்க ஆய்வாளர். கடைசி சில வருடங்கள் அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. விமான நிலையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைவு.

சின்னப் பழுதோடும் விமானம் பறக்கலாம் என்றால் உங்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் எந்தப் பழுதோடு, எத்தனை நாள் என்பதை எம்.இ.எல். என்ற புத்தகம் சொல்லிவிடும். சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10, சிலவற்றுக்கு 120. கெடு முடிந்தால் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஒருநாள் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டைப் புரட்டுகிறேன். கேபினுக்குக் காற்றும் அழுத்தமும் தரும் இரண்டு ஏ.சி. பேக்கில் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றும் நடுவானில் போனால் விமானம் அவசரமாகக் கீழே இறங்க வேண்டியதுதான். பத்தாம் நாள் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். பதினோராம் நாள் அதே பழுது, புது எண். மறுபடி 10 நாள்!

"சார், பார்ட் கஸ்டம்ஸ்ல நிக்குது சார். உள்ளே 150 பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றார் மேலாளர். நான் விட்டுவிட்டேன். விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பத்து நாளும் கழிந்து, மூன்றாவது எண்ணும் வந்தது. இந்த முறை நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய பெரியவர் ஒருவர், "நீ நல்லா இருப்பியாப்பா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். வேடிக்கை என்னவென்றால், மூன்று வாரமாகக் கஸ்டம்ஸில் நின்ற பார்ட் மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தது.

இப்படிப் பதிவேட்டைப் புரட்ட ஆள் வேண்டுமே! 2014 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. நம் நாட்டின் பாதுகாப்புக் கண்காணிப்பை இரண்டாம் தரத்துக்கு இறக்கியதற்கு முக்கியக் காரணம், நம் டி.ஜி.சி.ஏ.வில் முழுநேர ஆய்வாளர்கள் போதாததுதான். நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் போனது. 75 ஆய்வாளர்களைக் கூடுதலாக நியமிக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2015 ஏப்ரலில்தான் முதல் தரம் திரும்பியது. விமானிக்கு ஏர்லைன்ஸ் தருகிற சம்பளத்தை அரசாங்கம் தராது. அனுபவசாலி எப்படி வருவார்? இதை வெளியே சொல்ல நாங்கள் ரொம்ப நாள் கூச்சப்பட்டோம். அது தவறு.

2025 ஜூன் மாதம், அகமதாபாத் விபத்தில் 260 பேரை இழந்த சில நாட்களில், டெல்லி, மும்பை போன்ற விமான நிலையங்களில் டி.ஜி.சி.ஏ. விரிவான சோதனை நடத்தியது. ஒரு உள்நாட்டு விமானம் தேய்ந்த டயருக்காக நிறுத்தப்பட்டது. சில விமானங்களில் ஒரே பழுது பலமுறை திரும்ப வந்திருந்தது. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் யாராவது இந்த வேலைக்கு வர நினைத்தால், பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சம்பளம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.